தஞ்சைச் சுவரோவியத்தின் கண்ணை இன்றைய மணப்பெண்ணின் முகத்தில் எழுதுவது எப்படி?

மருதாணிவிரல்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஆறு ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். ஆடி மாதம் என்பதால் கையில் வேலை குறைவு. ஆவணியில் வரும் ஒரு திருமணத்துக்காக இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணப்பெண் கட்டடக்கலை படித்தவர். முகூர்த்தத்துக்கு வழக்கமான அலங்காரமே போதும் என்று சொல்லிவிட்டார். ஆனால் முதல் நாள் மாலை வரவேற்பில், தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ஆயிரம் ஆண்டுப் பழைய சோழர் ஓவியப் பெண்ணின் சாயல் தம் முகத்தில் தெரிய வேண்டும் என்றும், அதே நேரத்தில் நாடகத்துக்கு வேடம் கட்டியது போல ஆகிவிடக் கூடாது என்றும் கேட்கிறார். மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பினார்: சிவந்த பின்னணி, பக்கவாட்டாகத் திரும்பிய முகம், கூரிய மூக்கு, காதைத் தொட்டுவிடுவது போல நீண்டு அகலத் திறந்த கண்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நான் செய்தது இதுதான். இமை மீது தங்கத் தாள் ஒட்டினேன். கண்ணைச் சுற்றிக் கனமாக மை தீட்டி வால் நீட்டினேன். உதட்டுக்கு அடர்ந்த செந்நிறம் கொடுத்தேன். மூக்கு கூராகத் தெரிய இரு பக்கமும் நிழலிட்டேன். வீட்டார் கேட்டுக்கொண்டபடி சருமத்தை ஒரு படி வெளுப்பாக்கினேன். முடிவில், அந்தப் பெண் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதுவே கண்ணாடியில் நின்றது. எங்கே தவறினேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேடைப்பின்புறம்:

தங்கைக்கு வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பரதநாட்டிய மேடைகளுக்கு ஒப்பனை செய்கிறேன். நீங்கள் செய்த ஐந்தும் தனித்தனியே சரியானவையாக இருக்கலாம். ஐந்தையும் ஒரே முகத்தில் ஏற்றியதுதான் தவறு. மேடையில் நாங்கள் அவ்வாறுதான் ஏற்றுவோம், ஏனெனில் பதினைந்தாம் வரிசையில் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணின் அசைவு போய்ச் சேர வேண்டும், மேடை விளக்கு முகத்தின் மேடுபள்ளங்களை விழுங்கிவிடும். வரவேற்பு மேடையில் உங்கள் மணப்பெண்ணை மூன்றடித் தூரத்தில் நின்று கைகுலுக்கிப் பேசுவார்கள். பதினைந்தாம் வரிசைக்கான கோடு மூன்றடியில் வேடமாகத்தான் தெரியும்.

பழங்காலத்திலிருந்து ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கண் என்றால், உதடும் கன்னமும் மூக்கும் இந்த ஆண்டின் பெண்ணுடையவையாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பழைய காலத்துத் தோற்றம்' என்று எங்களிடம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மனத்தில் வைத்திருப்பது 1960களின் வண்ணத் திரைப்படத்தில் வந்த அரசியை. மீதிப் பேர் நினைப்பது பரதநாட்டிய அலங்காரத்தை. அந்த அலங்காரமும் இன்று நாம் காணும் வடிவில் அவ்வளவு பழையதன்று. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1935இல் சென்னை அடையாற்றில் மேடையேறி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், கோயில் சிற்பங்களைப் பார்த்துப் புதிதாக அமைத்த உடையும் அணியும் அதில் பெரும்பங்கு. அதுவே அன்றைய பழைமை-புதுமைக் கலவைதான். ஆகவே எந்தக் காலத்தைக் கலக்கப் போகிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழஞ்சுவர்:

மேலே உள்ளவர் கடைசியாகச் சொன்ன வரியிலிருந்தே தொடங்குகிறேன். கலை வரலாறு கற்பிப்பவன் நான். மருதாணிவிரல் அவர்களே, நீங்கள் விவரிக்கும் படம் சோழர் ஓவியமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றின் சுவர்களில் சோழர் காலத்திலேயே ஓவியங்கள் தீட்டப்பட்டன. பிற்காலத்தில் தஞ்சை நாயக்கர்கள் அவற்றின் மேலேயே புதிய சாந்து பூசித் தங்கள் ஓவியங்களை எழுதச் செய்தார்கள். மேலடுக்கு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டறிந்து சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி. ஒரே சுவரில் இரண்டு காலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதால், இணையத்தில் 'தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம்' என்று உலவும் படங்களில் எல்லாமே சோழர் பெயரில் போய்விடுகின்றன. அந்த உட்சுற்று பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை என்பதால், நேரில் போய்ச் சரிபார்க்கவும் பலரால் இயலாது.

வேறுபாட்டைக் கண்டுகொள்வது எளிது. சோழர் அடுக்கில் முகங்கள் பெரும்பாலும் முக்கால் பாகம் திரும்பியிருக்கும். கன்னமும் கழுத்தும் உருண்டையாகத் தெரியும்படி நிறம் மெல்ல அடர்ந்து மெல்லக் கரையும். கண் நீண்டது, ஆனால் மேலிமை சற்றே தாழ்ந்திருக்கும். நாயக்கர் அடுக்கில் கோடுதான் அரசு செய்கிறது. முகம் முழுப் பக்கவாட்டு, மூக்கு கூர்மை, கண் அகலத் திறந்தது, பின்னணி பெரும்பாலும் சிவப்பு. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாம் வகையின் அடையாளம். தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்துவிட்டது என்பதால், உங்கள் மணப்பெண்ணின் ஆயிரம் ஆண்டுகளில் அறுநூறைக் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தங்கத் தாள் ஒட்டியதாகச் சொன்னீர்கள். அது மூன்றாவது தஞ்சை. பலகை மீது துணி ஒட்டிச் சுண்ணமும் பசையும் கலந்து மேடு எழுப்பித் தங்க ரேக்கு பதிக்கும் 'தஞ்சாவூர் ஓவியம்' மராட்டியர் ஆட்சியில் செழித்தது. ஆக, உங்கள் ஒத்திகையில் ஒரே முகத்தில் மூன்று அரச மரபுகள் சண்டையிட்டிருக்கின்றன.

மருதாணிவிரல்:

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. படத்தை மீண்டும் பார்த்தேன். நீங்கள் சொன்ன எல்லா அடையாளங்களும் இருக்கின்றன. மணப்பெண்ணிடம் தெரிவித்தபோது, "எனக்குப் பிடித்தது அந்தக் கண்தான், அரசரின் பெயர் அன்று" என்று சொல்லிவிட்டார். அழைப்பு அட்டையில் அச்சிட வைத்திருந்த 'ஆயிரம் ஆண்டு' என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

நேர்ப்பேச்சு:

மன்னிக்கவும், ஒரு கேள்வி. வரவேற்புக்கு வரும் ஐந்நூறு பேரில் எவர் சோழர் கண், நாயக்கர் கண் என்று பிரித்துப் பார்க்கப் போகிறார்? பெண் அழகாக இருந்தால் போதும். ஒப்பனை என்பது ஆராய்ச்சிக் கட்டுரை அன்று. இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதால் கட்டணம் கூடுகிறதே தவிர, வேறு பயன் இருப்பதாகத் தெரியவில்லை.

பழஞ்சுவர்:

விருந்தினர் எவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒப்பனையாளர் பிரித்துப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் இரண்டு கண்களுக்கும் செய்முறை வேறு. சோழர் கண் நிழலால் ஆனது. அதை எடுத்துக்கொண்டால் இன்றைய மென்மையான இமைப்பூச்சு முறையே போதும், கருங்கோடு மிகக் குறைவாக வேண்டும், பார்வையைச் சற்றுத் தாழ்த்தும்போதுதான் அதன் அழகு வெளிப்படும். நாயக்கர் கண் கோட்டால் ஆனது. அங்கே நிழலைக் கலைத்து விரவினால் கோட்டின் கூர்மை மழுங்கிப்போகும். முதல் ஒத்திகையில் இவர் கனமான கோட்டையும் மூக்கோர நிழலையும் ஒன்றாகப் போட்டார். அதனால்தான் அது இரண்டுமாக இல்லாமல் போயிற்று. காலத்தை அறிவது பெருமைக்காக அன்று. எந்தத் தூரிகையைக் கையில் எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்காக.

சிற்ப, ஓவிய நூல் மரபில் கண்களுக்கு வடிவ வகைகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழி நூலில் ஓவியம் பற்றிய சித்திரசூத்திரப் பகுதி, வில் போன்ற கண்ணை யோகத்தில் இருப்பவருக்கும் மீன் வயிறு போன்ற கண்ணைப் பெண்களுக்கும் காதலருக்கும் வகுக்கிறது. மீன் வயிறு என்ற உவமையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கீழ்க்கோடுதான் வளைந்து தொங்குகிறது. மேல்கோடு ஒப்புநோக்கில் நேரானது. இன்றைய 'பூனைக்கண்' மையில் இதற்கு நேர்மாறாக மேல்கோடுதான் எல்லா வேலையையும் செய்கிறது. நம் பக்கத்துக் கண்ணைக் கொண்டுவர விரும்புபவர் கீழிமைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேடைப்பின்புறம்:

கீழிமை பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்முறையில் ஒரு பொறி இருக்கிறது. கீழிமையின் உள்விளிம்பில் கறுப்பை இழுத்து மேல்கோட்டுடன் மூடிவிட்டால், எவ்வளவு பெரிய கண்ணும் சுருங்கித் தெரியும். கோட்டை மயிர்க்கால்களுக்கு ஒரு நூல் கீழே, வெளியே இறக்கிப் போட வேண்டும். உள்விளிம்பில் யானைத் தந்த நிறப் பென்சிலை ஓட்டினால், கண்ணின் வெள்ளை அந்தக் கோடு வரை விரிந்ததாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். தூய வெள்ளை வேண்டாம். அது மேடைக்கு மட்டுமே பொருந்தும். வெளிக்கோடியில் மேல்கோடும் கீழ்க்கோடும் சந்திக்கும் இடத்தை அரை அங்குலம் தள்ளி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சாளரவெளிச்சம்:

திருமணப் புகைப்படம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. அந்த ஓவியத்தில் முகம் பக்கவாட்டில் இருக்கிறது, ஆனால் கண் மட்டும் எதிர்நோக்கி வரைந்தது போல முழுதாக இருக்கிறது. உண்மையான முகத்தில் இது நடக்கவே நடக்காது. பக்கவாட்டில் திரும்பினால் கண் பாதியாகத்தான் தெரியும். ஆகவே வாலின் கோணத்தைக் கண்ணாடிக்கு நேர் நின்று தீர்மானிக்காதீர்கள். மணப்பெண்ணை முக்கால் பாகம் திரும்பி நிற்கச் சொல்லி, அந்தக் கோணத்தில் வால் எங்கே போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மேடையில் கணவர் பக்கம் திரும்பிப் பேசும்போது எடுக்கும் படங்கள்தான் பின்னர் சட்டமிடப்படும்.

முகத்தை நிலைநிறுத்தப் பூசும் மாவில் சிலிக்கா மட்டுமே உள்ள வகையைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள், ஃப்ளாஷ் அடித்தவுடன் கண்ணுக்குக் கீழே திருநீறு பூசியது போலப் படத்தில் வந்து நிற்கும். ஒத்திகை முடிந்ததும் கைப்பேசியிலேயே ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேதிக்குடுவை:

தங்கத் தாளைப் பற்றி எவரும் எச்சரிக்காததால் எழுதுகிறேன். கைவினைக் கடையில் 'தங்க ரேக்கு' என்று கிடைப்பது பெரும்பாலும் பித்தளை கலந்த மெல்லிய தகடு. கூரிய விளிம்புகளோடு உதிரும். கண்ணுக்குள் விழுந்தால் விழிவெண்படலம் கீறிக்கொள்ளும். இமைக்கென்று தயாரான பொன்னிறத் தூளில் இருப்பது அபிரகம்தான் (மைக்கா). அபிரகச் செதில்களின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் மெல்லிய படலமாக ஏறியிருப்பதால் பொன் போல மின்னுகிறது. தங்கமே இல்லாத அந்தத் தூள்தான் இமைக்குப் பாதுகாப்பானது.

பழைய பொருள்களை அப்படியே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஒப்பனைக்கே நம் மொழியில் 'அரிதாரம்' என்று பெயர் வந்தது எதிலிருந்து என்று நினைத்துப் பாருங்கள்: அரிதாரம் என்பது மஞ்சள் நிறமான ஆர்சனிக் சல்பைடு. சிவப்பு நிறமியான சாதிலிங்கம் பாதரச சல்பைடு. சுர்மா என்று விற்கும் சில கண்மைகளில் ஈய சல்பைடு இருப்பது சோதனைகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. கண்மைக்கு நிறமியாக அதைப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி இல்லை. வீட்டில் விளக்குக் கரியைப் பிடித்து நெய்யில் குழைக்கும் மையில் ஈயம் இல்லை என்றாலும், கிருமி நீக்கம் இல்லை, கெடாமல் காக்கும் பொருளும் இல்லை. வடிவத்தைப் பழைய காலத்திலிருந்து எடுங்கள், பொருளை எடுக்காதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது மகிழ்ச்சியானது. சுவரோவியத்தில் உள்ள செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பு ஆக்சைடுகள். உங்கள் பெட்டியில் இருக்கும் ஃபவுண்டேஷன் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அதற்குச் சரும நிறத்தைக் கொடுப்பவையும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள்தாம். அவற்றோடு டைட்டானிய வெள்ளை. சுவரில் வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி. எனவே மணப்பெண்ணின் கன்னத்துக்கும் உதட்டுக்கும் இளஞ்சிவப்பை விட்டுவிட்டுக் காவியோடிய செம்பழுப்பைத் தேர்ந்தெடுத்தால், வேறெதுவும் செய்யாமலேயே முகம் அந்தச் சுவரின் நிறக் குடும்பத்துக்குள் வந்துவிடும். கோட்டுக்கு வெளியே பழைமையை உணர்த்த இதைவிட அடக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

மேடைப்பின்புறம்:

கரிமை பற்றி அவர் சொன்னதற்கு என்னிடமே சான்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் வீட்டார் ஆசையோடு செய்து கொடுத்த மையை அரங்கேற்றத்தன்று தீட்டினேன். இடைவேளைக்குள் கண் சிவந்து நீர் வழிந்து, வர்ணம் என்னும் நீண்ட நடன உருப்படிக்குப் பின் வந்தவற்றை அவள் பாதி மூடிய கண்ணோடு ஆடினாள். குற்றம் என்னுடையது, முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் இரண்டு நாள் முன்பாகக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதை அன்றிலிருந்து தவறவிட்டதில்லை.

மருதாணிவிரல்:

அனைவரும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. மணப்பெண் மாநிறத்துக்கும் சற்று அடர்ந்த நிறம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருடைய அத்தைமார்கள் கவலைப்படுகிறார்கள். ஒரு படியாவது வெளுப்பாக்கித் தர வேண்டும் என்று எனக்குத் தனியே அழைத்துச் சொன்னார்கள். தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழஞ்சுவர்:

அத்தைமார்களுக்கு அந்தச் சோழர் அடுக்கின் படத்தைக் காட்டுங்கள். அங்கே பழுப்பும் செம்பழுப்பும் பசுமை படர்ந்த மேனியும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. அழகிகள் எல்லாரும் வெளுப்பு என்ற விதி அந்தச் சுவரில் இல்லை.

மேடைப்பின்புறம்:

ஐயா சொன்னது வாதம். நான் உத்தியைச் சொல்கிறேன். வெளுப்பு என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் சீரான பொலிவைத்தான். கண்ணுக்குக் கீழும் வாயோரத்திலும் உள்ள கருமைக்கு ஆரஞ்சு நிறத் திருத்தியை மிக மெல்லியதாகத் தட்டிவிட்டு, அதன் மேல் கழுத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் ஃபவுண்டேஷனைப் பூசுங்கள். தேர்வை மணிக்கட்டில் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் தாடை விளிம்பில் மூன்று கோடு இழுத்து, எது மறைகிறதோ அதை எடுங்கள். நிறம் மாறாமலேயே முகம் தெளிந்துவிடும், அத்தைமார்கள் வெளுப்பு வந்துவிட்டது என்றே சொல்வார்கள். ஒரு படி வெளுத்த முகமும் உண்மையான நிறத்தில் கையும் கழுத்தும் இருந்தால், மருதாணிக் கையைக் கன்னத்தருகே வைத்து எடுக்கும் அந்தப் படம் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

நேர்ப்பேச்சு:

வெளுப்பு விஷயத்தில் நீங்கள் இருவரும் சொன்னதை ஏற்கிறேன். கட்டணம் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது.

மருதாணிவிரல்:

கட்டணத்தை உயர்த்தவில்லை என்பதை நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் ஒத்திகை நேற்று முடிந்தது. தங்கத் தாள், மூக்கோர நிழல், அடர்செந்நிற உதடு மூன்றையும் விட்டுவிட்டேன். சருமத்துக்கு மெல்லிய பூச்சு ஒன்றே. கன்னத்திலும் உதட்டிலும் ஒரே செம்பழுப்பு. இமையின் நடுவில் மட்டும் அபிரகத் தூளை விரலால் ஒற்றினேன். கண்ணுக்கு ஜெல் மையையும் சாய்வு முனைத் தூரிகையையும் பயன்படுத்தினேன். மேல்கோட்டை இமையோடு ஒட்டி ஏறக்குறைய நேராக இழுத்து, கீழ்க்கோட்டை ஒரு நூல் இறக்கி வளைத்து, இரண்டையும் கண்கோடியிலிருந்து அரை அங்குலம் தள்ளிச் சேர்த்தேன். உள்விளிம்பில் தந்த நிறம். கோடு காய்ந்ததும் அதே கறுப்பில் இமைப்பூச்சுத் தூளை மேலே அழுத்திவிட்டதால், மூன்று மணி நேரம் மின்விசிறி இல்லாமல் அமர்ந்தும் கசியவில்லை. ஃப்ளாஷ் படத்திலும் வெள்ளை அடிக்கவில்லை. மணப்பெண் கண்ணாடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த முறை படத்தைத் திறந்து ஒப்பிடவே இல்லை.

இரண்டு குறைகள் தெரிகின்றன. இடக்கண்ணின் வால் வலக்கண்ணைவிடத் தாழ்ந்துவிட்டது. தனியே பார்த்தால் தெரியவில்லை, நெற்றிச்சுட்டி வைத்ததும் பளிச்சென்று தெரிகிறது. அடுத்து, புருவத்தையும் ஓவியத்தில் உள்ளது போல நீட்டலாமா என்று அவர் கேட்கிறார்.

பழஞ்சுவர்:

நேற்று வகுப்பில் தற்செயலாகத் திருக்குறளின் 1285ஆம் பாடல் வந்தது. உங்கள் நினைவு எழுந்தது. மை எழுதும் பொழுது கண் அந்தக் கோலைக் காணாது என்பதை வள்ளுவர் அங்கே உவமையாக்கியிருக்கிறார். தீட்டிக்கொள்பவருக்கு உள்ள இடர் அது. தீட்டிவிடுபவருக்கோ எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணைக் கைக்கு நேராகவும் மற்றொன்றைக் கையைக் குறுக்கே நீட்டியும் எழுத வேண்டிய இடர். இடக்கண் தாழ்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மேடைப்பின்புறம்:

ஐயா சொன்ன காரணம் சரிதான். ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். மணப்பெண்ணைக் கண் திறந்து நேரே பார்க்கச் சொல்லுங்கள்; மூடிய இமையில் சமமாக இருக்கும் வால், திறந்ததும் இமை மடிப்பால் மாறிவிடும். வால் முடியும் இடத்தில் இரு பக்கமும் பழுப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பின்னால் போய் நின்று, அவர் தலைக்கு மேலாகக் கண்ணாடியில் அந்த இரண்டு புள்ளிகளையும் பாருங்கள். பிம்பத்தில் ஏற்றத்தாழ்வு உடனே அகப்படும். புள்ளிகள் சரியான பிறகே மையைத் தொடுங்கள்.

சுட்டியை ஒப்பனைக்கு முன்பே கட்டிவிடுங்கள், கடைசியில் வேண்டாம். அதன் நடுத்தொங்கல் மூக்குத் தண்டிலிருந்து சிறிது விலகி நின்றாலும் இரு கண்களும் கோணலாகத் தெரியும். நீங்கள் மையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பொட்டையும் அந்தத் தொங்கலுக்கு நேர் கீழேதான் வைக்க வேண்டும்.

புருவத்தை நீட்ட வேண்டாம். வாலும் புருவமும் இணையாக ஓடத் தொடங்கிய அந்த நொடியிலேயே அது எங்கள் மேடைக்கு வந்துவிடும். மயிர் இருக்கும் இடத்திலேயே முடித்து, முனையை மட்டும் ஒரு சிறு தூரிகையால் கூராக்கிவிடுங்கள்.